தையல் மிஷினுக்கு வந்த போன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய தையல் மிஷினை விற்கப் போனில் படம் போட்டிருந்தேன். சாயர்புரம் பஸ்ஸில் போகும்போது, மிஷின் வேண்டுமென்று ஒருவன் போனில் கூப்பிட்டான். வாய் நிறைய “ஆச்சி” என்றதால் போனை வைக்க மனம் வரவில்லை.

“வீட்ல தனியாவா இருக்கிய? எந்தத் தெரு?”

தனியாகத்தான் என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்து சீட்டில், கொண்டையில் பேனா செருகிய ஓர் அம்மா டிக்கெட்டின் பின்னால் எதையோ குறித்துக்கொண்டே வந்தார். “கேக்கத எழுதி அனுப்பச் சொல்லுங்கக்கா. எழுத்துன்னா நாலு பேருக்குக் காட்டலாம்லா” என்றார்.

சொன்னேன்.

“எழுதவெல்லாம் நேரமில்ல, ஆச்சி” என்று வைத்துவிட்டான்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை. ஏனென்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

தெருப் பெயரை அவனிடம் சொன்னேனா என்பதுதான் நினைவில்லை. அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.