ராகி மொடாவில் கிடந்த இத்தாலிப் பாட்டில்

போன மாதம் ஆர்.எஸ்.புரத்தில் சிநேகிதி வீட்டு விருந்தில் ஒருவர் ஒயினைப் பற்றிப் பாடம் எடுத்தார். இத்தாலியின் வடக்கே மூடுபனி இறங்கும் குன்றுகளாம். அங்கே பரோலோ என்று ஒரு சிவப்பு ஒயினாம். அதிலும் ஒரே ஒரு தோட்டத்துப் பழத்தில் மட்டும் செய்தது என்றால் அதன் மதிப்பே தனியாம். பத்து வருஷமாவது இருட்டில் படுக்க வைத்துக் காக்க வேண்டும், திறந்த பின்னும் மூச்சு விட நேரம் கொடுக்க வேண்டும், பிறகுதான் உதட்டில் வைக்க வேண்டும் என்றார். எல்லோரும் ஆகா என்றார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. அப்படிப்பட்ட பாட்டில் ஒன்றை எங்கள் வீட்டு ஆண்கள் திருப்புளியால் குத்தித் திறந்து, கோலி சோடா கலந்து, கடைவாயில் எலும்பைக் கடித்துக்கொண்டே குடித்துத் தீர்த்தார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் பன்னீர் திராட்சை. பள்ளக்காடு, மேக்காடு என்று இரண்டு பந்தல்கள். பள்ளக்காடு வாய்க்கால் ஓரம். கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளும். மேக்காடு ஓடைக்கல் நிறைந்த செம்மண் மேடு, பாதிகூடக் காய்க்காது. ஆனால் அந்தப் பழத்தை வாயில் போட்டால் பேச்சு நின்றுவிடும். கவாத்து வெட்டுவதிலிருந்து கொத்தை அறுப்பது வரை மேக்காடு அம்மாவின் பொறுப்பு. அப்பா அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார்.

உக்கடம் மண்டியிலிருந்து வரும் வியாபாரி இரண்டு காட்டுப் பழத்தையும் ஒரே பெட்டியில் கொட்டுவார். ஒரே விலை. அம்மா ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்வாள்: “ஏனுங்க, மேக்காட்டுப் பழம் வேறைங்க.” வியாபாரி சிரிப்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். காய்ப்பில்லாத மேக்காட்டுப் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைப்பது என்று அப்பாவும் பெரியப்பாவும் முடிவெடுத்திருந்தார்கள். “சித்திரையில மாரியாத்தா நோம்பி முடியட்டும், ஆளுங்களை உட்டுப் பிரிச்சுப்போடலாம்” என்று பெரியப்பா சொன்னபோது அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தோசை கருகியது. எங்கள் வீட்டில் தோசை கருகி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அந்தத் தை மாதம் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஓர் இத்தாலிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா கணபதியில் மில் எந்திரங்களுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். வந்தவர் அந்தப் பாகங்களை வாங்குகிறவர். நரைத்த தாடி, வெயிலில் சிவந்த மூக்கு. சாப்பாடு முடிந்ததும் அம்மா ஒரு தட்டில் திராட்சை வைத்தாள். அவர் ஒரு பழம் தின்றார். அடுத்த கொத்திலிருந்து இன்னொன்று தின்றார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மாமாவிடம் ஏதோ கேட்டார்.

“அக்கா, இந்த ரெண்டும் ஒரே தோட்டமான்னு கேக்கறாரு.”

அப்பா முந்திக்கொண்டு, “ஒரே தோட்டந்தானுங்க, எல்லாம் ஒண்ணுதான்” என்றார். அம்மா கதவோரத்தில் நின்றபடியே, “இல்லீங்க, அது பள்ளக்காடு, இது மேக்காடு” என்றாள். மாமா அதைச் சொன்னதும் அந்த மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். காட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

வெள்ளைக்காரர் ஒருவர் மேக்காட்டில் முழங்காலிட்டு மண்ணை அள்ளி முகர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் ஊரில் சரிவுகளுக்கெல்லாம் பேர் உண்டாம். பனிக்கட்டி எந்தச் சரிவில் முதலில் உருகுகிறதோ அதுதான் உசத்தியாம். மாமா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அம்மா சொன்னாள்: “எங்க தோட்டத்துலயும் பனி மொதல்ல காயறது இந்த மேட்டுலதானுங்க.” அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா சொல்லி யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

காரிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். மாமாவுக்கென்று கொண்டுவந்தது அது. இரண்டு கையாலும் பிடித்து அம்மாவிடம் நீட்டினார். அப்பாவிடம் அல்ல, மாமாவிடம் அல்ல, அம்மாவிடம். மாமாவின் முகம் தொங்கியது. “ஒரே காட்டுப் பழத்துல செஞ்சதாமாக்கா. மேல எழுதியிருக்கறது அந்தக் காட்டோட பேராமா. குளுச்சியா, இருட்டா, படுக்க வெக்கோணுமாமா. பல வருசம் களிச்சுத்தான் தெறக்கோணுமாமா.” அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். காகிதத்தில் இருந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே, “காட்டுப் பேரையா எழுதி வெச்சிருக்கறாங்க?” என்று கேட்டாள்.

அவர் கிளம்பிய பிறகு வீடு இரண்டுபட்டது. எங்கள் வீட்டில் குடிப்பவர் எவரும் இல்லை. அது ஊரறிந்த விஷயம். பெரியப்பா கோயில் கமிட்டித் தலைவர். “சாராயத்தை ஊட்டுக்குள்ள வெக்கறதா?” என்று அப்பா குதித்தார். கொட்டிவிடு என்றார் பெரியப்பா. சொல்லும்போதே அவர் கண் பாட்டிலை விட்டு நகரவில்லை என்பதை நான் கவனித்தேன். அம்மா பாட்டிலை உள்ளே எடுத்துப் போனாள். பிறகு எத்தனையோ தடவை அப்பா கேட்டார். பத்திரமாக இருக்கிறது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை.

எனக்கு மட்டும் காட்டினாள். சாமான் அறையில் என் உயரத்துக்கு ஒரு மண் மொடா இருந்தது, நிறைய ராகி. அதற்குள் துண்டில் சுற்றிப் பாட்டிலைப் படுக்க வைத்து, மேலே ராகியை மூடினாள். குளிர்ச்சி, இருட்டு, படுக்கை, எல்லாம் அவர் சொன்னபடியே. “ஆருகிட்டயும் மூச்சு உடக்கூடாது கண்ணு” என்றாள். நான் விடவில்லை. மாரியாத்தா மேல் சத்தியமாக விடவில்லை. ராகி மொடாவுக்குள் கை விடும் ஆண்பிள்ளை எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்று நான் நம்பியிருந்தேன்.

சித்திரையில் மாரியம்மன் நோம்பி வந்தது. மறுநாள் கிடா வெட்டிக் கறிச்சோறு. ஊர்ப்பட்ட சொந்தம். மத்தியானம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள் என்று மோட்டார் ரூமுக்குப் போனேன். அப்பா, பெரியப்பா, மாமா மூவரும் கட்டிலில். நடுவில் அந்தப் பாட்டில். காகிதத்தின் மேல் நாலைந்து ராகி ஒட்டியிருந்தது. தக்கையை எடுக்கத் தெரியாமல் திருப்புளியை வைத்துக் குத்தி உள்ளேயே தள்ளியிருந்தார்கள். எவர்சில்வர் டம்ளரில் ஒயின், அதன் மேல் நுரைக்க நுரைக்கக் கோலி சோடா.

“ஒரே தொவர்ப்பு” என்று முகத்தைச் சுளித்தார் பெரியப்பா. சுளித்துக்கொண்டே டம்ளரை மறுபடி நீட்டினார்.

நான் கத்தினேன். “அது எங்கம்மாளுக்குக் குடுத்தது! எங்கம்மாளுது!” அப்பா எழுந்து வந்து உச்சந்தலையில் ஒரு கொட்டு வைத்தார். கொட்டு வாங்கிய வலியைவிட மூவரும் சிரித்த சிரிப்புத்தான் வலித்தது. அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். பெண்களுக்கு நடுவில் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் காதில் சொன்னேன். பெண்புலியாகப் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன். “செரி, நீ போயி எலையப் போடு கண்ணு” என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு அப்பாவின் மேல் வந்த கோபத்தைவிட அம்மாவின் மேல் வந்த கோபம்தான் பெரிது. இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளியா என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பெரியப்பா வந்தார். நோம்பி முடிந்துவிட்டது, பந்தலைப் பிரிக்க ஆள் சொல்ல வேண்டும். அம்மா காபி கொண்டுவந்தாள். காபியோடு கழுவித் துடைத்த காலிப் பாட்டிலையும் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். அப்பா வாசலை எட்டிப் பார்த்தார். கோயில் கணக்குப் பேச நாலு பேர் அங்கே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, மேக்காட்டுப் பந்தல் இருக்கட்டுங்க” என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து, வழக்கமான குரலில். “அந்தப் பழத்துக்குத் தனிப் பெட்டி போட்டுக்கறனுங்க. பேரெழுதி அனுப்பலாமுங்க.”

“இருந்துட்டுப் போவுதுடா, உடு” என்றார் பெரியப்பா. அவர் அத்தனை வேகமாக எதையும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அம்மா பாட்டிலை முந்தானைக்குள் மறைத்து உள்ளே எடுத்துப் போய்விட்டாள். அதில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றி வைக்கிறாள், இன்றுவரை.

எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே படவில்லை. பாட்டிலைக் காட்டிக்கொடுத்த துரோகி யார் என்பதுதான் என் கவலை. பெரியப்பா மகன்தான் என்று முடிவுகட்டி, அடுத்த நோம்பி வரை அவனோடு பேசவில்லை. இன்று மேக்காட்டுப் பழம் பெட்டியில் பேரோடு போகிறது. கடைக்காரர்கள் போன் போட்டுக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனாலும் அந்த ஒயின்! ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு அம்மாவின் நாக்கில் பட்டிருக்கக் கூடாதா?

ஆர்.எஸ்.புரம் விருந்து முடிந்த கையோடு அம்மாவுக்குப் போன் போட்டேன். அத்தனை ஆத்திரத்தையும் கொட்டிவிட்டு, கடைசியில் கேட்டேன்: “மொடாவுல இருக்குதுன்னு ஆரும்மா சொன்னது?”

“அதை ஆரு கண்டா கண்ணு” என்றாள் அம்மா. “அன்னைக்கு ஒரு படி ராகி எடுத்துட்டு வாங்கன்னு உங்கப்பாகிட்டச் சொன்னேனாட்ட இருக்குது.”

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நோம்பிக்கு மறுநாள், வீடு முழுக்கச் சொந்தம், அடுப்பில் கிடாக்கறி கொதிக்கிறது. அன்றைக்கு யாருக்குக் களி கிண்டுவதற்கு ராகி?