சனிக்கிழமை எலிமினேஷன்

எங்கள் ஷூ கம்பெனியின் கேன்டீனில் மேடை போட்டார்கள். சாப்பாட்டு மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பலகை அடித்து, சிவப்புக் கம்பளம் விரித்து, பின்னால் பெரிய பேனர் கட்டினார்கள். 'தலைவன் யார்?' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. சூப்பர்வைசர்கள் எட்டுப் பேரில் ஐந்து பேர் பெண்கள். அப்புறம் எதற்குத் தலைவன் என்று கேட்டேன். "அது பொதுவான வார்த்தைம்மா, அதையெல்லாம் போய் பாத்துக்கிட்டு" என்றார் ஹெச்.ஆர். மேடம். அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

கம்பெனி மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், ஹைவேயை ஒட்டி இருக்கிறது. ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிற லைன் ஒன்றுக்கு நான் சூப்பர்வைசர். பக்கத்து லைனுக்கு என் தோழி. இரண்டு பேரும் ஒரே வாரத்தில் தையல் மெஷினில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வருஷத்தில் சூப்பர்வைசரின் நீலக் கோட்டைப் போட்டவர்கள். அவள் விரிஞ்சிபுரத்தில் கம்பெனி பஸ் ஏறுவாள். மாதனூரில் நான் ஏறும்போது ஜன்னலோரத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். ஏறியதும் முதல் பேச்சு டி.வி.யைப் பற்றித்தான். ஒரே வீட்டுக்குள் ஆட்களை அடைத்து வைத்து, வாரா வாரம் ஒருவரை வெளியே அனுப்புகிற போட்டி. "நேத்து பாத்தியாடி? அந்த மீசக்காரன் எப்டி அழுதான்!" என்று ஆரம்பித்தால் கம்பெனி வாசல் வரைக்கும் ஓடும். அந்த நிகழ்ச்சியை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். அங்கே போகிறவர்கள் கேமரா இருக்கிறது என்று தெரிந்து, ஆசைப்பட்டுப் போகிறார்கள். தோற்று வெளியே வந்தால் ஊரே செல்ஃபி எடுக்கிறது.

எங்களை யார் கேட்டார்கள்?

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல குரல், காதோரத்தில் மைக். உலகத்திலேயே சிறந்த மேனேஜ்மென்ட் பள்ளிக்கூடம் டி.வி. போட்டிதான் என்றார். "யாரோட சேரணும், யாரை எப்போ கழட்டி விடணும்னு தெரிஞ்சவன்தான் லீடர். அந்த வீட்டுல ஃபிரெண்ட்ஷிப் பார்த்தவன் ஜெயிச்சிருக்கானா? பிசினஸும் அதேதான்." முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

விதிமுறை இதுதான். வாரம் பூராவும் எட்டு லைன்களுக்கும் போட்டி. சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில், கம்பெனி மொத்தமும் பார்க்க, ஒவ்வொரு சூப்பர்வைசரும் மேடையேறி, தங்களில் யார் வெளியே போகவேண்டும், ஏன் போகவேண்டும் என்று மைக்கில் சொல்லவேண்டும். அதிகம் பேர் யாரைச் சொல்கிறார்களோ அவர் அங்கேயே கோட்டைக் கழற்றிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும். கடைசியில் நிற்கிறவருக்குத் துணை மேனேஜர் பதவி.

"வெளிய போனவங்க இன்னா ஆவாங்க சார்?" என்று என் தோழி எழுந்து கேட்டாள்.

"ரீ-அசைன்மென்ட்."

மறுபடியும் சாதாரணத் தொழிலாளியாக என்பதைத்தான் அப்படிச் சொன்னார் என்று முதல் எலிமினேஷன் முடிந்த திங்கட்கிழமைதான் எங்களுக்குப் புரிந்தது. முதலில் வெளியே போனவர் ஒட்டுகிற பிரிவின் சூப்பர்வைசர். தலை நரைத்தவர். நேற்றுவரை தான் வேலை வாங்கிய பையன்களின் நடுவில் பசை டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். பையன்கள் அவர் பக்கம் பார்க்காமல் வேலை செய்தார்கள்.

அடுத்த வாரம் என் தோழியின் லைனில் ஒரு பெண் காய்ச்சலில் மயங்கி விழுந்தாள். அவளை முதலுதவி அறைக்கு அனுப்பிவிட்டு, ஆள் வரும்வரை என் தோழியே அந்த மெஷினில் உட்கார்ந்து தைத்தாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதற்கு முன்னால் நாங்கள் எல்லோருமே செய்ததுதான். ஆனால் அந்த நேரத்தில் லைனைக் கவனிக்க ஆளில்லாமல் அவளுடைய டார்கெட் குறைந்துவிட்டது.

சனிக்கிழமை மேடையில் முதலில் பேசியவர் ஒடுகத்தூரிலிருந்து வருகிற சூப்பர்வைசர். நல்ல மனுஷன். ஊரில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கினால் அவித்துப் பை நிறையக் கொண்டுவந்து எல்லா லைனுக்கும் கொடுப்பார். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "அவங்க எல்லாருக்கும் அக்காவா இருக்காங்க. சூப்பர்வைசரா இல்ல" என்றார். பயிற்சியாளர் கையைத் தட்டினார். கேன்டீனே தட்டியது. பின்னால் வந்தவர்களும் அவள் பெயரையே சொன்னார்கள். யாரோ ஒருவர் பெயர் விழுந்துவிட்டால் மற்றவர்களுக்கு அதன் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபம்.

என் முறை வந்தது. நான் யார் பெயரையும் சொல்லமாட்டேன் என்றேன்.

"ரூல்ஸ் படி சொல்லணும்மா. இது விளையாட்டு."

"விளையாட்டு இல்ல சார். இது எங்க வேல."

அவர் மைக்கிலேயே சிரித்தார். "சூப்பர்! நமக்கு இந்த வார கன்டென்ட் கிடைச்சாச்சு!" கூட்டமும் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. யார் பெயரையும் சொல்லாவிட்டால் என் பெயரைச் சொன்னதாக எடுத்துக்கொள்வேன் என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கு அந்த ஒரு ஓட்டு. மற்றவர்கள் போட்டதெல்லாம் அவளுக்கு.

அவள் மேடை நடுவில் வந்து நின்றாள். கோட்டின் பட்டனில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏன் என்று அங்கிருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். மெஷினில் சிக்கும் என்பதால் சூப்பர்வைசர் பெண்கள் யாரும் துப்பட்டா போடுவதில்லை. மேலே கோட் இருக்கிற தைரியத்தில் உள்ளே பழைய சுடிதார் டாப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவோம். அவள் மெதுவாக, "சார், உள்ள போய் கழட்டிக் குடுக்கறேன் சார்" என்றாள். மைக் அதைப் பிடித்துக் கேன்டீன் முழுக்கச் சொன்னது.

"இங்கேயேதாம்மா. அதுதான் மொமென்ட்!"

அவள் கழற்றினாள். வெளுத்துப்போன டாப்பில், தோளைக் குறுக்கிக்கொண்டு, நூற்றுக்கணக்கான ஆண்களின் எதிரில் கோட்டை நீட்டினாள். செல்போன்கள் மேலே எழுந்தன. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. பயிற்சியாளரின் மேஜை மேல் விரித்திருந்த துணியைப் பிடித்து இழுத்தேன். தண்ணீர் பாட்டில்களும் பூங்கொத்தும் உருண்டு விழுந்தன. துணியை அவள்மேல் சுற்றிக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துக்கொண்டு போனேன். பின்னால் அந்த ஆள் எதையோ சொல்ல, கூட்டம் மறுபடியும் கை தட்டியது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

அந்தக் காட்சியைக் கம்பெனிக்காரர்களே படம் பிடித்து, சோகப் பாட்டுப் போட்டு, கம்பெனிப் பக்கத்தில் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை அது வேலூரில் காலேஜ் படிக்கிற அவள் மகனின் போனுக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை பஸ்ஸில் அவள் இல்லை. கம்பெனிக்குள் நுழைந்ததும் நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போனேன்.

"அந்த வீடியோவ எடுங்க மேடம்."

"நெகட்டிவா பார்க்காதீங்க. எவ்ளோ பேர் பார்த்திருக்காங்க தெரியுமா? நம்ம கம்பெனிக்கு நல்ல பேர்."

"உங்க துப்பட்டாவ அந்த மேடையில நின்னு கழட்டுங்க மேடம். அதையும் போடுவோம். இன்னும் ஜாஸ்தி பேரு பாப்பாங்க."

மேடத்தின் முகம் சிவந்தது. மரியாதையாகப் பேசு என்றார். மரியாதை என்ற சொல்லை அந்த வாயிலிருந்து கேட்டபிறகு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. என் தோழியின் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மத்தியானத்துக்குள் வீடியோ போய்விட்டது. அவள் மட்டும் வேலைக்குத் திரும்பி வரவில்லை.

ஒடுகத்தூர்க்காரர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்னிடம் வந்தார். "நான் சொல்லலன்னா என் பேர சொல்லியிருப்பாங்கம்மா. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க." பொய் சொல்லவில்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போட்டி நிற்கவில்லை. ஆனால் கம்பெனி மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு லைனில் மெஷின் நின்றால் பக்கத்து லைனில் கேட்டு வாங்குவோம். இப்போது நல்ல ஊசிகளைக் கூட ஒளித்து வைத்தார்கள். கடைசி வாரங்களில் ஒரு பெரிய ஆர்டர் போய்க்கொண்டிருந்தது. பழுப்பு நிறத் தோல். இடது காலுக்கு ஒரு லைன், வலது காலுக்கு இன்னொரு லைன். இடது கால் லைனுக்கு வந்த தோல் கொஞ்சம் வெளிறிப்போயிருந்தது. வலது கால் லைன் ஒடுகத்தூர்க்காரருடையது. அவர் அதைப் பார்த்தார். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அந்த லைன் தப்பித்துவிடும், சனிக்கிழமை மேடையில் தான் நிற்கவேண்டி வரும். எல்லாம் தைத்து, ஜோடி சேர்த்து, பெட்டியில் போட்ட பிறகு வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்து பெட்டியைத் திறந்தார். இடதும் வலதும் இரண்டு நிறம். அத்தனையும் திரும்பிவிட்டது.

முதலாளி எங்களை எல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்துக் கத்தினார். "டீம் ஸ்பிரிட்டே இல்லாத ஆளுங்களா இருக்கீங்களே! ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறதுக்குக்கூடவா நான் வந்து பாடம் எடுக்கணும்?"

பயிற்சியாளர் சுவரோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அடக்க முடியவில்லை. "பாடம் எடுத்துட்டீங்க சார். யாரை எப்போ கழட்டி விடணும்னு சொல்லிக் குடுக்க ஆளக் கூட்டிட்டு வந்தது நீங்கதான். நல்லாப் படிச்சிருக்காங்க" என்றேன். முதலாளி எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் பேனரை அவிழ்த்தார்கள். போட்டி முடிந்தது என்று அறிவிப்பு வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. மேஜைகள் மட்டும் பழைய இடத்துக்கு வந்தன.

ஒரு மாதம் கழித்து ஹெச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டார். குரலில் வெல்லம் ஊறியது. "உங்க ஃபிரெண்ட் திரும்ப வந்தா அதே சூப்பர்வைசர் வேலை குடுக்க சார் ரெடியா இருக்கார். நீங்க பேசிப் பாருங்க." ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சிபுரத்துக்குப் போனேன். அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலூர் பக்கத்தில் வேறொரு ஷூ கம்பெனியில் மெஷினில் சேர்ந்துவிட்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அத்தினி பேரு முன்னாடி மன்னிப்பு கேப்பாங்களா?"

"மாட்டாங்கடி."

"அப்போ இன்னாத்துக்கு வந்தே? உக்காரு, சாப்டு."

குழம்பு ஊற்றும்போது, மகன் ஒரு வாரம் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாள். "என் மேல கோவம் இல்லியாம். பாத்துட்டோமேன்னு அவனுக்குத்தான் வெக்கமாம்." சொல்லிவிட்டு என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். திங்கட்கிழமை மேடத்திடம் அவள் வரமாட்டாள் என்றேன். "சரி, அது அவங்க சாய்ஸ்" என்று சொல்லிவிட்டு அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒருநாள் அவள் போன் செய்தாள். எடுத்ததும் சிரிப்பு.

"அந்த ஆளு இங்கயும் வந்துட்டான்டி!"

அதே பயிற்சியாளர், அதே பேச்சு, அதே போட்டி. அவள் அங்கே சூப்பர்வைசர் இல்லை, வெறும் டெய்லர். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அங்கிருக்கிற சூப்பர்வைசர்களைத் தேடிப்போய், தனக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். யாருக்கும் தெரியாமல் மறைக்கப் பார்த்ததைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து மேனேஜரிடம் போய், மேடை ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல். அந்த ஆள் வெறும் சொற்பொழிவை மட்டும் முடித்துக்கொண்டு அன்று சாயங்காலமே காரில் ஏறிவிட்டாராம்.

"அவ்ளோதான்டி! யாருக்கும் ஒண்ணும் ஆவல. மேனேஜர் சரின்னுட்டாரு!"

அவள் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே இருந்தாள். நானும் சிரித்ததுபோல் ஏதோ சத்தம் கொடுத்தேன். போனை வைத்த பிறகு லைனுக்கு நடுவில் அப்படியே நின்றேன். அவ்வளவு சுலபமாக முடிந்திருக்கக்கூடிய விஷயம். நாங்களும் எட்டுப் பேர் இருந்தோம்.