படகுக்காரன் கடை வைத்த கதை

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லாரும் ஹாரன் என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சிறியவர்கள் மரியாதைக்கு ஓர் ‘அண்ணே’ சேர்த்துக்கொண்டார்கள். பேருந்தின் ஹாரன் வேலை செய்யாத நாளிலும் அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தால் முன்னால் போகிற லாரி ஒதுங்கிவிடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அவரும் அதை மறுத்ததில்லை.

அந்தக் குரல்தான் பிற்பாடு அவருக்குச் சோறு போட்டது. வருடாந்திரக் கண் பரிசோதனையில் டாக்டர் ஓர் அட்டையைக் காட்டி, “நடுவுல என்ன தெரியுது?” என்று கேட்டார்.

“நடுவுல நீங்கதான் மறைக்கறீங்க” என்றார் ஹாரன்.

டாக்டர் மறைக்கவில்லை. கண்ணின் நடுப்பகுதி தேய்ந்து, பார்ப்பது எதுவானாலும் அதன் நட்டநடுவே ஒரு கறை உட்கார்ந்துகொண்டது. ஓரமெல்லாம் தெரியும், பார்க்க நினைத்தது மட்டும் தெரியாது. ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல், பக்கத்துப் பேருந்து நிலையத்தின் மைக் அறையில் உட்காரவைத்தார் மேலாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒருவர் போனில் சொல்வார். அதை ஹாரன் உலகத்துக்குச் சொல்ல வேண்டும். இதற்கு நன்றி சொல்லலாம் என்று மேலாளர் அறைக்குப் போன ஹாரன், “அந்த ரூம்ல ஃபேன் ஏன் சார் இந்தக் கத்து கத்துது?” என்று சண்டை போட்டுவிட்டுத் திரும்பினார். நன்றி என்பது அவர் நெஞ்சில் கிளம்பித் தொண்டைக்கு வருவதற்குள் புகாராக மாறிவிடும். மேலாளர் விவரமானவர். புகாருக்குள் இருந்த நன்றியை எடுத்துக்கொண்டு ஃபேனையும் மாற்றிக் கொடுத்தார்.

வண்டி போனதை ஹாரன் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதென்று அவர் நினைத்தது வேறு. டயர் கிடங்குக்குப் பின்னால் ஒரு பெஞ்சு கிடந்தது. அதுவும் போய்விடுமோ என்பதுதான் அவர் கவலை.

அந்தப் பெஞ்சில் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பேர் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு உட்கார்ந்து நாவல்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். நூலகத்திலிருந்து ஒரே புத்தகம். அது மூன்று பேரிடமும் மாறி மாறிப் போய் வரும். கடைசி ஆள் முடிக்கும்வரை முன்னால் படித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. முகத்தைக்கூட மாற்றக் கூடாது. எல்லாரும் முடித்த பிறகுதான் அடிதடி.

ஹாரனைத் தவிர்த்த இருவரில் ஒருவர் டைம் கீப்பர் அம்மாள். வண்டிகள் வந்துபோகும் நேரம் குறிப்பது வேலை. நாவலையும் அப்படியே குறிப்பார். “கதாநாயகி மூணாவது அத்தியாயத்துல வந்திருக்கணும். பதினொண்ணுல வர்றா. இவ்வளவு லேட்டா வந்துட்டு ஒரு சமாதானமும் சொல்லலை.” மற்றவர் சில்லறை என்கிற கண்டக்டர். எந்தப் புத்தகத்தைப் பற்றியும் ஒரே அபிப்பிராயமாகத் தர மாட்டார். “அட்டை நல்லா இருக்கு… தாத்தா பாத்திரம் பரவாயில்ல… அந்தக் கல்யாணம் வேணாம்…” என்று எண்ணி எண்ணிக் கையில் வைப்பார். ஹாரன் தீர்ப்பு வேறு ரகம். “பெர்மிட் இல்லாத வண்டி! ஓரங்கட்டு!” என்று ஒரே போடு. கிடங்கு அதிரும்.

அந்தப் பெஞ்சில் அவர் டிரைவர் இல்லை, கண் போனவர் இல்லை, அபிப்பிராயம் உள்ள மனிதர். அதனால்தான் கண் விஷயத்தில் பாதியை மறைத்தார். “தூரம்தான் போச்சு. கிட்டக்க கழுகு” என்று சொல்லிவைத்தார். எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை என்று சொன்னால் அவர்கள் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். இடம் கொடுப்பார்கள், கூடவே கொஞ்சம் இரக்கமும் கொடுப்பார்கள். அந்த இரண்டாவது உருப்படியைத்தான் அவரால் வாங்க முடியாது.

ஆகவே புத்தகத்தை வாசித்தது அவர் மனைவி.

அந்த அம்மாள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தார். மதியத்தில் ஓர் அறை நிறையப் பிள்ளைகளைக் கதை சொல்லித் தூங்கவைப்பது அவர் பொறுப்பு. அந்தத் தொழிலுக்கென்று ஒரு நெளிவுசுளிவு உண்டு. புலி யாரையும் கடிக்காது. குளிக்கப் போன இடத்தில் அரக்கன் மனசு மாறி வீட்டுக்குத் திரும்பிவிடுவான். மாறாவிட்டால் ஒரு பிள்ளை அழும், அதைக் கேட்டு அறையே அழும், அப்புறம் அவ்வளவு பேரையும் மடியில் போட்டுத் தட்ட இரண்டே கைகள். எனவே எந்தக் கதையானாலும் வாயிலிருந்து வெளியே வருமுன் உள்ளே ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டியாக வேண்டும். வருடக்கணக்கான பழக்கம். நாவல்களுக்கு மட்டும் அதில் விதிவிலக்கு கிடைக்குமா?

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே வாசிப்பார். ஹாரன் பாயில் கண்ணை மூடிப் படுத்துக் கேட்பார். முதல் புத்தகத்திலேயே ஒரு விபரீதம் நடந்தது. ஆசிரியர் பக்கம் பக்கமாக மழையை வர்ணித்திருந்தார். வெளியே காயும் துணி நினைவுக்கு வர, அம்மாள் மழையை மொத்தமாகத் தாண்டிவிட்டார். வெள்ளிக்கிழமை பெஞ்சில் ஹாரன், “இவ்வளவு பெரிய கதை, மழையைப் பத்தி ஒரு வரி இல்லை பாரு! அதுக்கு ஒரு தைரியம் வேணும்யா” என்றார். மற்ற இருவரும் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு புரையேறச் சிரித்தார்கள். தன் ரசனைக்கு இப்படி ஒரு வரவேற்பா என்று ஹாரனுக்கும் மகிழ்ச்சி.

அடுத்து வந்தது ஓர் ஆற்றங்கரைக் குடும்பத்தின் கதை. தலையணை கனம். மருமகளை வாட்டி எடுக்கும் மாமியார் ஒருத்தி. அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் படகுக்காரன் ஒருவன். ஹாரனுக்குப் படகுக்காரனை மிகவும் பிடித்துப்போயிற்று. ஆற்றில் பாலம் வந்தது, படகு கரையேறியது என்ற இடம் வந்ததும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “அப்புறம்? அவன் என்ன பண்ணான்?” அம்மாள் புத்தகத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஒரு தலையணை உறையை நிதானமாக மடித்தார். “கயிறு, விளக்கெல்லாம் விக்கற கடை ஒண்ணு வெச்சான்” என்றார்.

அதோடு விடுவாரா? தினமும் அவன் கடை எப்படிப் போகிறது என்று விசாரணை. பக்கத்துக் கடைக்காரனோடு தகராறு, பிறகு சமாதானம், பிறகு இருவரும் சேர்ந்து ஒரு பந்தல் போட்டது என்று கடை வளர்ந்துகொண்டே போயிற்று.

தீர்ப்பு நாள் வந்தது. டைம் கீப்பர் அம்மாள் பாத்திரத்தைத் திறக்குமுன்பே ஹாரன் ஆரம்பித்துவிட்டார்.

“அந்த மாமியார் செத்தாளே, அப்பதான்யா கதை மூச்சு விடுது!”

சில்லறை கையில் எடுத்ததை வாயில் போடாமல் நிறுத்தினார். “மாமியாரா? கடைசிப் பக்கத்துல மருமகளுக்குத் தலை வாரி விடறதே அவதானேண்ணே?”

“நீ எந்தப் புத்தகத்தைப் படிச்சே?”

“அதையேதான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்.”

டைம் கீப்பர் அம்மாள் நடுவில் புகுந்து விமர்சகர்களின் பாணியில் காப்பாற்றப் பார்த்தார். “அண்ணன் அந்த அர்த்தத்துல சொல்லலை. அவளுக்குள்ள இருந்த மாமியார் செத்துட்டான்னு சொல்றாரு. ஆழமான பார்வை.” பிறகு குரல் தழைந்தது. “என்னை விடுங்க. எனக்கு அந்தப் படகுக்காரன் ஆத்துல எறங்கிப் போனதுலேர்ந்து மனசே சரியில்ல. படிச்சுட்டு ரெண்டு வண்டியோட நேரத்தைத் தப்பா எழுதிட்டேன்.”

“எறங்கிப் போனானா? எங்க போனான்?” என்றார் ஹாரன். “அவன் கடையை யாரு பார்த்துக்கறது?”

“எந்தக் கடைண்ணே?”

“கயித்துக் கடை! பந்தல் போட்டானே!”

யாரும் சிரிக்கவில்லை. சில்லறை மெதுவாகப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். “எங்க இருக்குன்னு காட்டுங்கண்ணே. எனக்கு அந்தப் பக்கம் தவறிப்போயிருக்கும்.” அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தவறவிட்டோமோ என்று பயந்துபோயிருந்தார்.

ஹாரன் புத்தகத்தைப் பிரித்தார். பக்கத்தின் ஓரங்கள் வெள்ளையாக, அழகாகத் தெரிந்தன. நடுவில் கறை. இன்னொரு பக்கம் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. எந்த வரி என்று விரலுக்கே தெரியாது. டைம் கீப்பர் அம்மாள் அந்த விரலைப் பார்த்தார். பார்த்தவர், வழக்கத்துக்கு மாறாக மணிக்கு முன்பே எழுந்து, “சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது” என்றார். டைம் கீப்பர் தெரிந்தே சொன்ன முதல் தப்பு நேரம் அது.

வீட்டுக்கு வந்ததும் ஹாரன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“படகுக்காரன் செத்தானா இல்லையா?”

அம்மாள் துணிக்கூடையைக் கீழே வைத்தார். “செத்தான். இப்ப அதுக்கென்ன?”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“ஏங்க, வண்டியை விட்டு எறங்கி வந்து உக்காந்திருக்கற மனுஷன்கிட்ட, படகை விட்டு எறங்குனவன் ஆத்துல போய் விழுந்தான்னு வாசிக்கச் சொல்றீங்களா? அதுவும் சாப்பாட்டுக்கு முன்னாடி?”

இத்தனை சாயங்காலங்களாக அந்தக் கடை யாருக்காகத் திறந்திருந்தது என்பது இப்போதுதான் ஹாரனுக்கு விளங்கியது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியுமா?

“சரி, அந்த மாமியார்? அவளும் எனக்காகவா செத்தா?”

“அவ செத்தது எனக்காக.”

“எங்கம்மா மேல இருந்த கோபமா?”

“உங்கம்மா பேரு அந்தக் கதையில எங்கயும் வரலையே” என்றார் அம்மாள், ஒரு சட்டையை உதறியபடி.

அதன்பிறகு ஹாரன் கேட்டுக்கொண்டபடி, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே அவர் வாசித்தார். படகுக்காரன் படகைத் துடைத்துவைத்தான், படிகளில் இறங்கினான். வாசிக்கும்போது ஓரிடத்தில் அம்மாளின் குரல் இடறியது. ஹாரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கோபம் என்று அம்மாள் நினைத்தார். கோபமில்லை. நேராகப் பார்த்தால் மனைவியின் முகம் கறைக்குள் போய்விடும். சுவரைப் பார்த்தால்தான் கண்ணின் ஓரத்தில் முகம் வரும்.

“நல்லாத்தான் எழுதியிருக்கான், பாவி” என்றார் கடைசியில். “ஆனா அவனுக்குக் கடை வைக்கத் தெரியலை.”

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பெஞ்சுக்குப் போகவில்லை. மைக் அறையிலேயே தனியாகப் பாத்திரத்தைத் திறந்தார். பாதிச் சாப்பாட்டில் கதவு தட்டப்பட்டது. டைம் கீப்பர் அம்மாளும் சில்லறையும் நின்றார்கள். இரக்கத்தோடு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஹாரன் முந்திக்கொண்டார்.

“ஆமா, எனக்கு எழுத்து தெரியறதில்ல. ரொம்ப நாளா அப்படித்தான். வீட்டுல அவதான் வாசிக்கறா. போதுமா? கதவைச் சாத்திட்டுப் போங்க.”

“அதை நாங்க போன வாரமே புரிஞ்சுக்கிட்டோம்ணே” என்றார் சில்லறை. “நாங்க வந்தது வேற விஷயம். அந்தப் பக்கத்துக் கடைக்காரனோட தகராறு எப்படித் தீர்ந்துது?”

“என்னது?”

“எனக்கு அவன் செத்ததுலேர்ந்து வேலையே ஓடலைண்ணே” என்றார் டைம் கீப்பர் அம்மாள். “நீங்க ஒரு கடைன்னு சொன்னீங்க. ஒரு வாரமா அதுல என்னென்ன வித்திருப்பான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். மிச்சத்தைச் சொல்லுங்க.”

ஹாரன் இருவரையும் ஓரக்கண்ணால் மாறி மாறிப் பார்த்தார். அவர் எதிர்பார்த்துப் பயந்தது எதுவும் அந்த முகங்களில் இல்லை. அங்கே இருந்தது வெறும் ஆவல்.

“அதை நான் சொன்னா நல்லா இருக்காது” என்றார். “சொல்ற ஆளு வேற.”

இப்படித்தான் அவர் மனைவி மறுவாரம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, டயர் கிடங்குக்குப் பின்னால் உள்ள பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சில்லறை தரையில் ஒரு பழைய டயர்மேல் இடம் பிடித்துக்கொண்டார். கயிற்றுக்கடை முழுதும் சொல்லப்பட்டது. டைம் கீப்பர் அம்மாள் குறுக்கே குறுக்கே நேரம் கேட்டார். “அண்ணி, பாலம் வந்து எத்தனை மாசத்துல கடை?” சில்லறைக்கு ஒரு மனத்தாங்கல்: “பந்தல் வரைக்கும் சரி. அந்த மாமியாரை மட்டும் விட்டிருக்கலாம் அண்ணி. கடைசியில திருந்தறா.”

“திருந்தறதுக்கு இவ்வளவு பக்கமா தம்பி? அதுக்குள்ள மருமகளுக்கு முடி நரைச்சுடும்.”

இதில் அரை மணி நேரம் சண்டை நடந்தது. நல்ல சண்டை. ஹாரன் மட்டும் வாயே திறக்கவில்லை.

“அண்ணே, உங்க தீர்ப்பு பாக்கி” என்றார் டைம் கீப்பர் அம்மாள்.

ஹாரன் கனைத்தார். புகாராக மாறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரம் அவருக்கு. “எழுதினவன் கெட்டிக்காரன். வாசிச்சவ…” என்று நிறுத்தி, கிடங்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “வாசிச்சவ இல்லன்னா நான் எப்பவோ எறங்கியிருப்பேன்.”

கிடங்கு அதிராமல் அவர் சொன்ன முதல் தீர்ப்பு. எங்கே இறங்கியிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. மனைவி மட்டும் சேலை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “தொண்டை வத்தினதுக்கு இப்பவாவது ஒரு வார்த்தை வந்துதே” என்றார்.

டைம் கீப்பர் அம்மாள் பையிலிருந்து அடுத்த புத்தகத்தை எடுத்தார். இந்த முறை ஹாரனிடம் தரவில்லை. அவர் மனைவியின் மடியில் வைத்தார். “முதல் முறை உங்க வீட்டுக்குத்தான் அண்ணி.”

அம்மாள் அதைத் தூக்கிக் கனம் பார்த்தார்.

“இதுல யாராவது சாகறாங்களா?”

“தெரியாதே, இன்னும் யாரும் படிக்கலை.”

“அப்ப சரி” என்று புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார் அம்மாள். “நான் பார்த்துக்கறேன்.”