ஐந்தாவது பாட்டு

காரவள்ளியில் பஸ் மலையேறத் தொடங்கியதும் டிரைவர் ஒரு படத்தின் பாட்டுகளைப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பாட்டும் குப்பை என்று பத்திரிகையில் விமர்சனம் எழுதியவனே நான்தான். மூன்றாவது பாட்டில் பொறுக்க முடியாமல், மாற்றச் சொல்லிக் கத்தினேன்.

"நல்ல பாட்டுப் போட்டா சனம் கண்ண மூடிக்குதுங்க. இந்த வளைவுல கண்ண மூடுனா வாந்திதானுங்க. இதுக்கு ஒருத்தரும் மூடறதில்லீங்க" என்றார் டிரைவர்.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தாவது பாட்டில் என்னை அறியாமல் கண்ணை மூடியிருக்கிறேன். அடுத்த வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன்.

அடங்காத ஆத்திரம் இப்போது என் மேலேயே திரும்பியது. விமர்சனம் எழுதிய அன்று, நான்காவது பாட்டோடு கேட்பதை நிறுத்திவிட்டவன் நான்.