வெர்னாவுக்கு ஒன்றும் தெரியாது

1982இல் சன்னிவேலில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு, கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத ஆள் ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்டார். எதிர்க் கம்பெனி தெருவுக்கு அந்தப் பக்கம்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பழகக்கூடிய மெஷினை எவன் முதலில் கடைக்குக் கொண்டுவருகிறானோ, அவனுக்குத்தான் இனி எல்லா வீடும் என்று இரண்டு பக்கமும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களோ மகா மேதாவிகள். மற்றவர்களுக்கு எது கஷ்டம் என்று அந்தப் பிரகஸ்பதிகளுக்கு எப்படித் தெரியும்? கடைசியில், வாசலில் போன் எடுத்துக்கொண்டிருந்த வெர்னா ஹூபரைப் பிடித்து மெஷின் முன்னால் உட்காரவைத்தார்கள்.

வெர்னாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒன்பது வருஷம் பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலையில் பேரிக்காய் பொறுக்கியவள். அங்கேயும் சரி, வீட்டிலும் சரி, 'நீ என்ன நினைக்கிறாய்' என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. இங்கேயோ செவ்வாய்தோறும் ஆறு இன்ஜினியர்கள் நோட்டும் பேனாவுமாகச் சுற்றி நின்றார்கள். அவள் புருவத்தைச் சுருக்கினால் போதும், உடனே எழுதிக்கொண்டார்கள்.

"எந்த இடத்துல முழிச்சீங்க வெர்னா? அதைச் சொல்லுங்க," என்பான் கீத். திரையில் வரும் படங்களையெல்லாம் செய்தவன் அவன்தான்.

"இந்த அலமாரிப் படத்துக்குள்ள போட்டா என் லெட்டர் திரும்பக் கிடைக்குமாப்பா? பயமா இருக்கே."

அடுத்த செவ்வாய்க்குள் அலமாரிக்குக் கதவு வந்துவிடும், திறந்தால் உள்ளே கடிதம் தெரியும். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வினை என்னவென்றால், மூன்றாவது வாரமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததென்று சொன்னால் நாற்காலி போய்விடும். ஆகவே தெரியாதவள் மாதிரியே முழித்தாள். அவள் முழிக்க முழிக்க, கீத் நன்றாக இருந்ததையெல்லாம் மாற்றிக்கொண்டே போனான்.

எட்டாவது செவ்வாயன்று மேனேஜர் ராஸ் பொறுமை இழந்தார்.

"எட்டு வாரமாச்சு, இன்னும் இவங்களுக்கு அலமாரியே புரியல. படமெல்லாம் வேலைக்காகாது கீத், தூக்கிப் போடு. பழையபடி வெறும் எழுத்தே இருக்கட்டும்."

"இன்னும் ஒரே ஒரு வாரம், ராஸ்..."

"அதுக்குள்ள எதிர்ல இருக்கறவன் மெஷினைக் கடையில வச்சிருப்பான்!"

கீத்தின் ஒரு வருஷ உழைப்பு அது. அவன் முகம் வெளுத்துவிட்டது. வெர்னா தானாகவே ஒரு கடிதம் அடித்தாள், அலமாரியில் போட்டாள், மறுபடி எடுத்தாள், பிரிண்ட் கொடுத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எப்ப கத்துக்கிட்டீங்க?" என்றார் ராஸ்.

"மூணாவது வாரம்."

"அப்புறம் ஏன் இந்த நாடகம்?"

"தெரியும்னா எந்திரிக்கச் சொல்லிடுவீங்களே. எங்கிட்ட யாரும் எதையும் கேட்டதில்ல சார். ஆசையா இருந்துச்சு."

"படம் இருக்கட்டும். அடுத்த செவ்வாய்க்கு வேற ஆளைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு ராஸ் போய்விட்டார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

"அஞ்சு வாரம் வெர்னா!" என்று வெடித்தான் கீத். "உங்களை நம்பி எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்கேன்!"

"மன்னிச்சிடுப்பா. மூணாவது வாரம் இருந்த அலமாரிதான் லட்சணமா இருந்துச்சு. இப்ப இருக்கறது சகிக்கல."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கீத் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோபம் இன்னும் தணியாமலே நோட்டைப் பிரித்தான்.

"உட்காருங்க. வேற என்னென்ன சகிக்கல?"

வெர்னா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, மடமடவென்று ஒன்பது குறை சொன்னாள்.