அடிவயிற்றின் நிறம்

புத்தம் புதிதாகச் செய்து முடித்த ஒரு பொருளை அழுக்காக்குவதற்காகவே ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிடுவதை நான் என் அக்காவின் புருஷனிடம்தான் கண்டேன். மேசையில் ஒரு சாண் நீளமான விமானம் நிற்கும். வெள்ளி நிற மை பூசிக் காய்ந்திருக்கும். அத்தான் அதன் இறக்கையில் ஈரம் தொட்டு, அடுக்களையிலிருந்து எடுத்து வந்த உப்பை அங்கங்கே ஒட்டுவார். அதற்கு மேல் பச்சை மை பூசுவார். அது காய்ந்ததும் பழைய பல் பிரஷினால் உப்பைத் தட்டிவிடுவார். உப்பு இருந்த இடங்களில் பச்சை உரிந்து உள்ளேயிருந்த வெள்ளி தெரியும். கடற்காற்றிலும் வெயிலிலும் பல மாதம் கிடந்த விமானம் போலாகிவிடும். கடைசியில் விளக்குப் புகைக்கரியைச் சுண்டுவிரலில் தொட்டு, எஞ்சின் இருக்கும் இடத்திலிருந்து பின்பக்கமாக ஒரே இழுப்பு இழுப்பார். அந்த இழுப்புக்கு முன் மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் கதைக்கக்கூடாது.

அவர் மட்டக்களப்பு நகரத்தில் நில அளவை அலுவலகம் ஒன்றில் படம் வரைபவராக இருந்தார். வீடு அக்காவின் சீதன வீடு. ஆரையம்பதியில், பின்வளவு போய் வாவியில் முடியும். தாய் தகப்பன் இல்லாத நான், நகரத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டு அவர்களோடு இருந்தேன். அத்தானுக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்கு விடுமுறையில் போய் வந்தபோது இந்த விமானப் பெட்டிகளைக் கொண்டு வந்து கொடுத்தார். சீப்பும் பொம்மையும் செய்கிற பொருளில் வார்த்த துண்டுகள். பிளாஸ்டிக் என்ற சொல்லை நாங்கள் அத்தானின் வாயிலிருந்துதான் முதலில் கேட்டோம். ஒட்டுகிற பசை அழுகிய வாழைப்பழம் போல மணக்கும். செய்து முடித்தவற்றை நூலில் கட்டி மண்டபத்துக் கூரை வளையில் தொங்கவிடுவார். கை நடுங்காத மனிதர். குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர். அக்கா மீது அவர் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஒரு அண்ணன். அக்காவுக்கு இளையவர். திருகோணமலையில் கடற்படையின் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். வளையில் தொங்கும் விமானங்களைப் பார்த்து, "சீலை தோய்க்கிற மாதிரி எல்லாரும் அழுக்கை எடுப்பாங்க, அத்தான். நீங்க பூசுறீங்க" என்று சிரிப்பார். அத்தானும் சிரிப்பார். இருவருக்கும் நல்ல ஒட்டு.

உலக யுத்தம் எங்கள் பக்கம் வந்த வருடம் ஒரு நாள் காலை பகைவரின் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்பதை அறியவே ஒன்பது நாளானது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை லொறியொன்றில் கொண்டு வந்து இறக்கியபோது இரண்டு கண்ணும் போயிருந்தன. முதுகும் கைகளும் வெந்திருந்தன. விரல்கள் உள்ளே மடிந்து நிமிராமல் நின்றன. அக்கா வாழையிலை விரித்து அவரைக் கிடத்தினாள். காலையிலும் மாலையிலும் இலை மாற்றினாள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, "நடந்ததைப் பத்தி ஒண்டும் கேக்கப்படா. அதை நினைச்சா அவனுக்கு ஏலாமப் போயிடும்" என்று சொல்லித்தான் உள்ளே விட்டாள். எல்லோரும் மழையைப் பற்றியும் வட்டையில் நெல் விளைச்சலைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். அண்ணன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்று கிழமை அப்படிப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மச்சான், அது உனக்கு மேலால போன நேரம் அதுர அடிவயிறு என்ன நிறம்?"

அண்ணன் முகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"வெள்ளையா, சாம்பலா? அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு."

வெகு நேரம் கழித்து அண்ணன் வாய் திறந்தார். "அழுக்கு வெள்ளை. அரிசி கழுவின தண்ணி மாதிரி."

"நல்லது," என்றார் அத்தான். பிறகு என்னைக் கூப்பிட்டார். "புள்ள, ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து வா. உன்ட எழுத்துத்தான் வடிவு."

நான் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அடுக்களை வாசலுக்கு வந்து, "இதென்ன கேள்வி அவனிட்ட?" என்றாள். "அவன் கதைக்கிறான்தானே," என்றார் அத்தான். "உங்களில ஆரோடயும் அவன் கதைக்கல்ல." அது உண்மையாக இருந்தது. அக்கா திரும்பிப் போய்விட்டாள்.

பகைவரின் விமானத்துக்குப் பெட்டி எதுவும் விற்பனையில் இல்லை. படங்களிலும் கறுப்பு நிழலுருவம் மட்டும்தான் இருந்தது. அதைத் தென்னை உயரத்தில், பகல் வெளிச்சத்தில் கண்டவர் எங்கள் வீட்டிலேயே கிடந்தார். அத்தானுக்கு அது அதிர்ஷ்டமாகப் பட்டிருக்க வேண்டும். ஞாயிறு தோறும் கேட்டார், நான் எழுதினேன். எஞ்சினுக்குப் பின்னால் புகைக்கறை, ஏறக்குறைய இறக்கையின் பாதி அகலம். ஓட்டுபவன் ஏறி இறங்கும் இடத்தில் மை தேய்ந்து உலோகம் தெரிந்தது. வாலடியில் எண்ணெய் ஒழுகல், இரண்டு கோடு. அண்ணனுக்கு நல்ல ஞாபகம். சொல்லிக்கொண்டே போகையில் சில வேளை மூச்சு இரைக்கும். "அதுக்குப் பிறகு நெருப்பு வந்த நேரம், அத்தான், நான் வெளியில…" என்று தொடங்குவார். அத்தான் அவர் தோளில் மெதுவாகக் கை வைத்து, "அது வேணாம் மச்சான். அதுக்கு முந்தி. அது திரும்பின நேரம் இடப்பக்க இறக்கை நுனி தெரிஞ்சதா?" என்பார். நானும் பென்சிலை நிறுத்திக்கொண்டு அந்த நுனிக்காகக் காத்திருப்பேன். நெருப்பைப் பற்றி அண்ணன் சொன்ன எதையும் நான் எழுதவில்லை. எழுதச் சொல்லவில்லை என்பதுதான் அன்று எனக்கிருந்த நியாயம்.

தன்னிடம் மீந்திருந்த ஒரு பெட்டியின் துண்டுகளை அரிந்து, உடைந்த சீப்புகளைக் கரைத்து இடைவெளிகளை நிரப்பி, மூன்று மாதத்தில் அத்தான் அதைச் செய்து முடித்தார். என் சீப்பும் அதில் போனது. பிறகு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுக்குப் பூசத் தொடங்கினார். அடிவயிற்றின் நிறத்துக்காக உண்மையிலேயே அக்காவிடம் அரிசி கழுவின தண்ணீர் வாங்கிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான்கு முறை சுரண்டி மறுபடி பூசினார். அவ்வளவு அழகான ஒரு வேலையை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதைப் பார்ப்பதற்குத் துரை ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தார். பக்கத்து விமானத் தளத்திலிருந்து இரண்டு அதிகாரிகளை அழைத்து வந்தார். வளவில் மேசை போட்டோம். அக்கா பலகாரம் சுட்டாள். அத்தான் அண்ணனுக்கு வெள்ளைச் சேட் போட்டுக் கொண்டு வந்து கதிரையில் இருத்தி, இந்த மனிதன்தான் தன் சாட்சி என்று ஆங்கிலத்தில் சொன்னார். விமானத்தை அண்ணனின் மடிந்த கைகளில் வைத்தார். அண்ணன் பெருவிரலால் இறக்கையைத் தடவினார். அடிவயிற்றைத் தடவினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய்க் கரியை மணந்தார்.

"சரியா மச்சான்?"

"சரி அத்தான்."

அதிகாரிகளில் இளையவன், அது எப்படி இறங்கி வந்தது என்று கேட்டான். அத்தான் விமானத்தை அண்ணனின் கையிலிருந்து எடுத்து, தலைக்கு மேலே உயர்த்தி, வாயாலேயே அந்த இரைச்சலைப் போட்டுக்கொண்டு ஒரு வட்டம் சுற்றி, அண்ணனின் பிடரியை நோக்கி இறக்கினார். அண்ணன் கதிரையிலிருந்து விழுந்தார். முழங்காலிலும் முழங்கையிலும் ஊர்ந்து மேசைக்குக் கீழே புக முயன்றார். மேசை சரிந்தது, கோப்பைகள் உடைந்தன, தேத்தண்ணி அவர் முதுகில் கொட்டியது. இளையவன்தான் முதலில் சிரித்தான். துரை சிரித்தார். பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற நானும் சிரித்தேன். ஆங்கிலம் தெரிந்த பெண், வெள்ளைக்காரர் சிரிக்கும்போது விளங்காதவள் போல நிற்கக்கூடாது என்று தோன்றியிருக்கலாம். இத்தனை வருடத்தில் அதை விட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மூத்த அதிகாரி மட்டும் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் வண்டிக்குப் போய்விட்டார்.

அத்தான் அண்ணனைத் தூக்கி நிறுத்தினார். சேட்டிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "பாத்தீங்களா?" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "அச்சொட்டா அதேதான்."

அதற்குப் பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின. நகரத்தில் பெரிய மனிதர் கூடுகிற கிளப்புக்கு, அலுவலக விருந்துக்கு, ஒரு டாக்டரின் வீட்டுக்கு. அத்தான் ஒரு கையில் பெட்டியில் வைத்த விமானமும் மறு கையில் அண்ணனுமாக பஸ் ஏறுவார். ஒவ்வொரு இடத்திலும் விமானம் இறங்கும், அண்ணன் விழுவார். வீட்டில் இருந்த அக்கா முழங்கால் காயங்களுக்கு மருந்து போடுவாள், ஒன்றும் கேட்கமாட்டாள். போகப்போக அண்ணன் அந்த நாட்களுக்குக் காத்திருக்கத் தொடங்கினார். காலையிலேயே முகம் வழிக்கச் சொல்வார். "இண்டைக்குப் போறமா, அத்தான்?" என்பார். சிகரெட்டு கொடுப்பார்கள், பேர் கேட்பார்கள், தோளில் தட்டுவார்கள். எத்தனையாவது விருந்திலிருந்து அந்த விழுகை நடிப்பானது, நடிப்பானதா என்பதே எனக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்ததும் அதைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. அத்தானுக்குப் பதவி உயர்வோடு கொழும்புக்கு மாற்றம் வந்தது. ஊருக்குத் திரும்பும் துரைக்கு அந்த விமானத்தை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். அக்காவும் அவரோடு புறப்பட்டாள். வாசல் படலையடியில் என் கையைப் பிடித்து, "அவர் கெட்டவர் இல்ல, புள்ள" என்றாள். நான் அவளுடைய பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். வீட்டில் நானும் அண்ணனும் மிஞ்சினோம்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து களைத்து வந்து சோறு போட்டுக் கொடுப்பேன். அண்ணன் மடிந்த விரல்களால் ஒரு கவளம் பிசைந்தபடி, யாரும் கேட்காமலே தொடங்குவார். "வலப்பக்கச் சில்லு உள்ளுக்கு மடியிற இடத்தில ஒரு கீறல் இருந்திச்சி. அது நான் முந்திச் சொல்லல்ல." சொல்லிவிட்டு, நான் எழுதுகிறேனா என்று காது கொடுப்பார். முதல் சில நாள் ம் கொட்டினேன். பிறகு ஒரு நாள், "போதும் அண்ணா. அத்தான் போயிட்டார். இனி அது ஆருக்கும் வேணாம்" என்றேன். அவரை விடுவித்துவிட்டதாகக் கூட எண்ணினேன்.

"ஆருக்கும் வேணாமா?"

"ஓம்."

சோற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்தக் காலையைப் பற்றிப் பேசவே இல்லை. மெல்ல மெல்ல வேறெதைப் பற்றியும் பேசவில்லை. பகல் முழுவதும் வாவிக்கரையில் கதிரையைப் போட்டு இருப்பார். மீன்பிடிக்கிற தோணிக்காரர் குரல் கொடுத்தால் கையைத் தூக்குவார். அடுத்த மாரியில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டார். அத்தானும் அக்காவும் வந்து காரியங்களைச் செய்துவிட்டுத் திரும்பினார்கள். செத்த வீட்டில் அத்தான் வந்தவர்களிடம், "அவனப் போலக் கூர்மையான கண் நான் கண்டதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனமாரத்தான் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து ஒரு கிழமையில், தொப்பி போட்ட ஒருவர் காலை இழுத்து இழுத்து வந்து படலையில் நின்றார். ஏறாவூர்க்காரர்.

"டீச்சர், நான் உங்கட அண்ணனோட திருகோணமலையில வேல செஞ்சவன். மௌத்தாப் போனதெண்டு நேற்றுத்தான் கேள்விப்பட்டன்."

கதிரை கொடுத்தேன். இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். குண்டு விழுந்து தாங்கி பற்றியபோது அண்ணன் வெளியே, ரோட்டோர மதிலுக்கப்பால், பத்திரமாக நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து கூக்குரல் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறார். "என்ட கால் இரும்புக்குக் கீழ மாட்டிப் போச்சி. இழுத்துக்கொண்டு போய் மதிலடியில போட்டாரு. அந்த நேரம் அவருக்கு ஒரு காயமும் இல்ல, டீச்சர். பிறகு மறுகாவும் உள்ளுக்குப் போனாரு. அந்தத் தரம்தான் கண் போனது."

காலைக் கையால் தூக்கி நீட்டி வைத்துக்கொண்டார்.

"என்ட தம்பியும் உள்ளுக்கு நிண்டவன். அவன்ட மய்யித்துக் கூடக் கிடைக்கல்ல. உங்கட அண்ணன் ரெண்டாம் தரம் போனது அவனுக்காகவா, அவனக் கண்டவரா எண்டு கேக்க வேணும் எண்டுதான் இருந்தன். கால் சரிவாற வரைக்கும் மூதூரில ராத்தா வீட்டில கிடந்தன். வந்த பிறகு ஒருக்கா டவுனில, கிளப் வாசலில அவரக் கண்டன். பெரிய மனிசரோட போனாரு. என்ன உள்ளுக்கு விடல்ல. வீடு எங்கயெண்டும் எனக்குத் தெரியா. உம்மா இன்னும் தம்பி வருவான் எண்டு இருக்கிறா." என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குச் சொல்லியிருப்பாருதானே?"

"இல்ல," என்றேன்.

"நீங்க கேக்கல்லியா, டீச்சர்?"

அந்தக் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அறியத்தான் கேட்டார். நான் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்து கொடுத்தேன். அண்ணன் உங்கள் தம்பியைக் கண்டார், கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவன் நோகாமல் போனான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தத் தாய்க்கு அது போதுமாயிருந்திருக்கும். அது எனக்கு அடுத்த நாள்தான் தோன்றியது. அவர் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஏறாவூருக்கு இனி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொன்னேன்.