முட்டு இல்லாத கத்தி

சாணைக்கல்லில் இரும்பு உரசும்போது எழும் கருகல் வாசனை அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் அவருக்குச் சாணை பிடிக்கும் வேலை. பல் தேய்ந்து கழித்துப் போட்ட, இரும்பு அறுக்கும் "ஆக்ஸா பிளேடு"களை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, நான் ஏழாவது முடித்த கோடை விடுமுறையில், கொரட்டூர் வீட்டின் பின்பக்கத்தில் அவர் இடுப்புக் கத்திகள் செய்யத் தொடங்கினார். கல்யாணச் சமையல்காரர்களும், ஏரியோரம் தூண்டில் போட்டு அங்கேயே மீனைச் சுட்டுத் தின்கிறவர்களும், மலைக்கோயிலுக்கு நடந்துபோய் வழியில் பொங்கிச் சாப்பிடுகிறவர்களும் தேடி வந்தார்கள். வந்தவரின் கையில் ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொல்வார் அப்பா. அந்த விரல் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து மரப்பிடியைச் செதுக்குவார். இடுப்பு வாரில் கோத்துக்கொள்ளத் தோலில் உறையும் தைத்துத் தருவார்.

எல்லாக் கத்திகளிலும் ஒன்று மட்டும் மாறாது. பிடி முடிந்து அலகு தொடங்கும் இடத்தில் ஒரு சிறு மேடு விடுவார். கை வழுக்கினாலும் விரல் அலகின்மேல் ஏறாமல் அது தடுக்கும். எங்கள் வீட்டில் அதன் பெயர் "முட்டு". "கத்திக்குக் கண்ணு கெடையாது, நாமதான் வெக்கணும்" என்பார்.

பூந்தமல்லியிலிருந்து வந்த காதர் பாய்க்கு அந்த முட்டு பிடிக்கவில்லை. பிரியாணிக்கு வெங்காயம் அரியும்போது அது பலகையில் இடித்தது. "அண்ணாத்தே, நான் இன்னா காட்டுக்கா போறேன்? அடுப்பாண்டதான் கீறேன். தேச்சிக் குடுங்க" என்று விடாமல் கேட்டார். அப்பா அரைமனதோடு தேய்த்துக் கொடுத்தார்.

அப்பாவின் தம்பி முருகேசன் சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். தொழிற்பேட்டையில் லேத் மெஷின் வேலை. ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைச்செலவுக்காகப் பாயோடு சமையல் வேலைக்குப் போவார். பட்டாபிராமில் ஒரு கல்யாணத்தில், முந்தின நாள் மழையில் நனைந்த விறகு பற்றாமல் புகைந்தபோது, உள்ளே காய்ந்திருக்கும் சிம்பைப் பிளந்தெடுக்கலாம் என்று பாயின் இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் கட்டையில் ஓங்கிக் குத்தினார். கையெல்லாம் நெய். அண்ணன் செய்த கத்தி என்றால் முட்டு இருக்கும் என்று பழகிப்போன கை அது. கத்தி கட்டையில் நின்றுவிட்டது, கை நிற்கவில்லை.

காப்பித்தூளை அப்பித் துணி சுற்றிக்கொண்டு வந்தவரைப் பார்த்து நாங்கள் தோல் கிழிந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். அவரும் அப்படித்தான் சொன்னார். ரத்தம் நின்றதும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. காயம் ஆறிக் கட்டைப் பிரித்த அன்று, வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் நீட்டியபடியே நின்றன. உள்ளே தசைநார் அறுந்து சுருங்கிவிட்டது, உடனே வந்திருந்தால் தைத்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

விஷயம் தெரிந்து ஓடிவந்த பாய் வாசலிலேயே நின்றுவிட்டார். "நான்தான் தேய்க்கச் சொன்னேன்" என்று அவர் தொடங்கியதும் சித்தப்பா மறித்தார். "அத்த உடு பாய். பிரியாணி அடி புட்ச்சிச்சா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல." பாய் அழுதார். அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் இடுப்புக் கத்தி செய்து நான் பார்க்கவில்லை.

லேத்தின் பிடியை இறுக்க அந்தக் கையால் முடியவில்லை. வேலை போனது, பெண் வீட்டார் ஒருநாள் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். வேறு பெண் பார்க்கலாம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் "இந்தக் கையால தாலி முடிச்சு வுழாது அண்ணி" என்று சிரிப்பார். கடைசிவரை காவலாளி வேலைதான். சாப்பிடும்போது அந்த இரண்டு விரல்களும் இலைக்கு வெளியே தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் எனக்கு அதைப் பார்க்கப் பயம்.

இன்று காலை என் மகன் நண்பர்களோடு மலையேறப் போயிருக்கிறான். போன வாரம் கூரியரில் ஒரு கத்தி வந்தது. "ஹேண்ட்மேட்மா. என் கை அளவு அனுப்பிச் செய்யச் சொன்னேன். சமைக்கவும் ஆகும், விறகு வெட்டவும் ஆகும்" என்று பெருமையாக நீட்டினான். மினுக்கிய மரப்பிடி, தோல் உறை. பிடி முடியும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று நேராக அலகுக்குப் போனது.

வேண்டாம் என்றேன். விளக்கினேன், அழுதேன்கூட. "எந்தக் காலத்துக் கதைம்மா இது!" என்று தோளைத் தட்டிவிட்டு இடுப்பில் கோத்துக்கொண்டு போய்விட்டான். மலையில் சிக்னல் இல்லை போலிருக்கிறது. மதியத்திலிருந்து போன் போகவில்லை.

மண்ணூர்பேட்டைப் பட்டறை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. அப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது. சித்தப்பாவைப் போன புரட்டாசியில் எரித்தோம். வெளியூர் ஹாஸ்டலிலேயே வளர்ந்த இவன் அவரோடு ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. என் பேச்சை நம்பாத பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, சோறு பிசையும்போது பார் என்று காட்டியிருந்தால் போதும். காட்ட அந்தக் கை இல்லை.